64 முறை கேட்டாலும் 51 சதவீதம்தான்!

எங்க டிபார்ட்மென்ட் செமினார்ல குவாண்டம் பற்றி யார் பேச வந்தாலும் ஒரு ஸ்லைடு கட்டாயம் இருக்கும். அடுப்பில் பால், பக்கத்தில் ஒரு அம்மா. "பார்த்துக்கிட்டே இருந்தா பொங்காது, தலையைத் திருப்பினா பொங்கிடும். குவாண்டமும் அப்படித்தான் ஃப்ரெண்ட்ஸ். பார்த்துக்கிட்டே இருந்தா அணு நகராது. இதுதான் குவாண்டம் ஜீனோ விளைவு." எல்லாரும் சிரிப்போம், கை தட்டுவோம், அடுத்த ஸ்லைடு.

போன வருஷம் அந்த ஸ்லைடைப் போட்டவன் நான்தான். அதனால இதை எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்குன்னு நினைக்கிறேன். அந்த ஸ்லைடு பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லாமல் விடுவது நமக்கு நஷ்டம். ஏன்னா, அந்த மீதிப் பாதியில்தான் இன்ஜினியரிங் இருக்கு.

முதல்ல உண்மையான பாதி

1977-இல் பைத்யநாத் மிஸ்ராவும் இ. சி. ஜி. சுதர்சனும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். சுதர்சன் நமக்கு அந்நியர் இல்லை. கோட்டயத்துக்காரர், தாம்பரத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர், 1980-களில் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தவர். சிதையக்கூடிய ஒரு குவாண்டம் அமைப்பை இடைவிடாமல் கவனித்துக்கொண்டே இருந்தால் அது சிதையவே சிதையாது என்பது அவர்கள் போட்ட கணக்கு. பறக்கிற அம்பு ஒவ்வொரு கணத்திலும் ஏதோ ஒரு இடத்தில் நின்றுகொண்டுதானே இருக்கிறது, அப்புறம் எப்படிப் பறக்கிறது என்று கேட்ட கிரேக்க ஜீனோவின் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

1990-இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் உள்ள என்.ஐ.எஸ்.டி. ஆய்வகத்தில் வெய்ன் இட்டானோ, டேவிட் வைன்லேண்ட் குழு இதைச் செய்து காட்டியது. சுமார் 5000 பெரிலியம் அயனிகளை ஒரு பொறியில் பிடித்து வைத்தார்கள். 256 மில்லிசெகண்ட் ரேடியோ அலையைக் கொடுத்தால் எல்லா அயனிகளும் கீழ் நிலையிலிருந்து மேல் நிலைக்குப் போய்விடும். அந்த 256 மில்லிசெகண்டுக்குள் லேசர் துடிப்பு அனுப்பி, "இப்ப எந்த நிலையில இருக்கே?" என்று 2 முறை, 4 முறை, 8 முறை, கடைசியில் 64 முறை வரை கேட்டார்கள். கணக்குப்படி 2 முறை கேட்டால் பாதிதான் மேலே போகும். 4 முறை கேட்டால் 37.5 சதவீதம். 64 முறை கேட்டால் 4 சதவீதம்கூட இல்லை. ஆய்வில் கிடைத்ததும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போனது.

அப்போ பால் ஸ்லைடு ஜெயிச்சிடுச்சா? அந்த அயனிகள் எங்கே இருந்தன என்று கவனிங்க. வெற்றிடத்தில், பொறிக்குள்ளே, வெளித்தொந்தரவு அதிகம் தீண்டாத இரண்டு நிலைகளில். அவற்றை நகர்த்தியது ஆய்வாளர்கள் கையிலேயே இருந்த ஒரே ஒரு ரேடியோ அலை. நம்ம குவாண்டம் கம்ப்யூட்டரில் இருக்கும் க்யூபிட்டுக்கு அந்த யோகம் கிடையாது. சிப்பில் உள்ள அழுக்கு, வெப்பம், பக்கத்து க்யூபிட், உள்ளே வரும் வயர் என்று நாலு பக்கமும் இரைச்சல். அந்த இரைச்சலுக்கு நடுவில் திரும்பத் திரும்ப அளந்தால் என்ன ஆகும் என்பதுதான் நம்ம கேள்வி.

ஃபேனும் குழாயும்

ஹாஸ்டல் ரூமுக்கு வாங்க. அங்கே ரெண்டு பொருள் இருக்கு: ஃபேன், ஒழுகுற குழாய்.

ஃபேன் ஸ்விட்சைப் போட்டதும் உடனே சுழலாது. மெதுவா ஆரம்பிச்சு வேகம் எடுக்கும். வேகம் எடுக்கறதுக்குள்ள அதைக் கையால நிறுத்தி மறுபடி ஆரம்பிக்க விட்டா, திரும்பவும் பூஜ்ஜியத்திலிருந்துதான் தொடங்கணும். ஒவ்வொரு நொடியும் இப்படி நிறுத்தினா அது முழு வேகத்தை எட்டவே எட்டாது. (தயவுசெய்து செஞ்சு பார்க்காதீங்க, விரல் முக்கியம்.)

குழாய் அப்படி இல்லை. அதுக்கு வேகம் எடுக்கறதுங்கிற பேச்சே கிடையாது. நிமிஷத்துக்கு இத்தனை சொட்டு, அவ்வளவுதான். நீங்க பத்து முறை எட்டிப் பார்த்தாலும் நூறு முறை எட்டிப் பார்த்தாலும் காலையில பக்கெட்ல இருக்கற தண்ணி ஒரே அளவுதான்.

கணக்கும் இதேதான். க்யூபிட் ஒரு நிலையை விட்டு நகரும் நிகழ்தகவு ஆரம்பத்தில் நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்ந்தால் அது ஃபேன். மொத்த நேரத்தை 10 துண்டாக்கி ஒவ்வொரு துண்டின் முடிவிலும் அளந்தால், ஒரு துண்டில் தப்பும் வாய்ப்பு 100-இல் ஒரு பங்காகக் குறையும். அப்படி 10 துண்டு. மொத்தத்தில் 10-இல் ஒரு பங்கு. லாபம். இதுதான் ஜீனோ.

நிகழ்தகவு நேரத்துக்கு நேர்விகிதத்தில் வளர்ந்தால் அது குழாய். 10 துண்டாக்கினால் ஒரு துண்டில் தப்பும் வாய்ப்பு 10-இல் ஒரு பங்கு. அப்படி 10 துண்டு. மொத்தம் பழைய அளவேதான். 64 முறை அளந்தாலும் சரி, 64 லட்சம் முறை அளந்தாலும் சரி, ஒரு பைசா லாபம் இல்லை.

சுற்றுப்புற இரைச்சலால் க்யூபிட் சிதைவது பெரும்பாலும் குழாய் ரகம். நாம லேப்ல வரையும் அந்த அடுக்குக்குறி வளைவு, மேலேயிருந்து வழுக்கிக்கொண்டு இறங்குமே, அதுதான் குழாயின் அடையாளம். கண்டிப்பாகச் சொன்னால் அதுவும் மிகக் குறுகிய ஆரம்ப நேரத்தில் ஃபேன்தான். ஆனால் அந்த நேரம் முடிவதற்குள் நம்ம அளவீடே ஆரம்பிச்சிருக்காது.

சூழலுக்கு நினைவு இருக்கா?

ஃபேன் எப்போது குழாயாக மாறுகிறது? அதைத் தீர்மானிப்பது சூழலின் நினைவு. க்யூபிட்டிடமிருந்து சூழலுக்குள் போன தகவல் எவ்வளவு நேரம் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும், திரும்பி வர வாய்ப்பு எவ்வளவு நேரம் இருக்கும் என்பதே அந்த நினைவு. நினைவு தப்புவதற்குள் அளந்தால் ஃபேன். தப்பிய பிறகு அளந்தால் குழாய்.

இ.சி.இ. ஆட்களுக்கு இதை இன்னும் சுலபமாகச் சொல்லலாம். 2000-இல் கோஃப்மன், குரிஸ்கி இருவரும் காட்டிய வழி இது. க்யூபிட்டை ஒரு ரேடியோ ரிசீவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனக்கென்று ஒரு அலைவரிசையில் ட்யூன் ஆகி நிற்கிறது. அந்த அலைவரிசையில் வரும் இரைச்சல்தான் அதைக் கெடுக்கும். அடிக்கடி அளப்பது என்றால் என்ன? அந்த ரிசீவரின் ஃபில்டர் பட்டையை அகலமாக்குவது. அளவீட்டு இடைவெளி குறையக் குறைய பட்டை அகலும்.

இப்ப மூணு விதமா நடக்கலாம்:

இரைச்சலின் உச்சம் சரியாக க்யூபிட்டின் அலைவரிசையிலேயே இருந்தால், பட்டையை அகலமாக்கும்போது உச்சத்தின் பங்கு குறையும். சிதைவு மெதுவாகும். ஜீனோ.

இரைச்சல் எல்லா அலைவரிசையிலும் ஒரே சீராக இருந்தால், பட்டையை எவ்வளவு அகலமாக்கினாலும் சராசரி மாறாது. ஒரு விளைவும் இல்லை. குழாய்.

உச்சம் கொஞ்சம் தள்ளி இருந்தால்? இதுவரை க்யூபிட்டுக்கு எட்டாமல் இருந்த இரைச்சலை, அகலமான பட்டை உள்ளே இழுத்துவிடும். பார்க்கப் பார்க்க சிதைவு வேகமாகும்! இதற்குப் பெயர் எதிர்-ஜீனோ.

இது வெறும் பேப்பர் கணக்கு இல்லை. 2001-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மார்க் ரெய்சன் குழு, லேசர் ஒளியால் ஆன பள்ளங்களில் சோடியம் அணுக்களை வைத்து அளந்தது. மிகக் குறுகிய இடைவெளியில் குறுக்கிட்டபோது அணுக்கள் தப்பிப்பது மெதுவானது. இடைவெளியைக் கொஞ்சம் கூட்டியதும், குறுக்கிடாமல் விட்டதைவிட வேகமாகத் தப்பின. அதே அணு, அதே பள்ளம். மாறியது இடைவெளி மட்டும்.

பால் ஸ்லைடில் இது எங்கேயாவது இருக்கா? பார்த்தால் சீக்கிரம் பொங்கும் பாலை எந்த அம்மாவும் பார்த்ததில்லை.

எங்க கிராஃப்

இப்ப என் கதைக்கு வர்றேன். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல நாங்க மூணு பேர். இன்டர்நெட் வழியா கிடைக்கிற ஒரு குவாண்டம் கம்ப்யூட்டர்ல ஜீனோ விளைவைக் காட்டுறதா திட்டம். ரொம்ப சிம்பிளான சர்க்யூட். க்யூபிட்டை 0-வில் வைக்கணும். 1-ஐ நோக்கிக் கொஞ்சம் சுழற்றணும், அளக்கணும். மறுபடி கொஞ்சம் சுழற்றணும், அளக்கணும். எத்தனை துண்டாகப் பிரித்தாலும் மொத்தச் சுழற்சி ஒன்றே. எல்லா அளவீட்டிலும் 0 வந்தால் "உறைந்துவிட்டது" என்று கணக்கு.

சிமுலேட்டரில் கிராஃப் அழகா ஏறியது. 4 முறைக்கு 53 சதவீதம், 8 முறைக்கு 73, 16-க்கு 86, 32-க்கு 93, 64-க்கு 96. புத்தகத்தில் இருப்பது போலவே.

நிஜ மெஷினில் ஓட்டினோம். ஏறியது, ஒரு இடத்தில் தயங்கியது, அப்புறம் இறங்க ஆரம்பித்தது. மூணு தடவை ஓட்டினோம். மூணு தடவையும் அதே மலை.

"மச்சி, ஹார்டுவேர் சரியில்லைடா. சிமுலேட்டர் கிராஃபை மட்டும் போடு. ரிவ்யூல யாரும் கேக்க மாட்டாங்க."

போட்டோம். யாரும் கேட்கலை. நல்ல மார்க்கும் வந்தது.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு பஸ் பயணத்துல, மொபைல் கால்குலேட்டரை வைத்து நான் சும்மா ஒரு கணக்கு போட்டேன். ஒவ்வொரு அளவீட்டிலும் 1 சதவீதம் ஏதாவது கெட்டுப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். தப்பாகப் படிப்பது, படித்து முடிப்பதற்குள் க்யூபிட் சிதைவது, படிக்க அனுப்பும் சிக்னலே அதை உதைப்பது, எதுவாகவும் இருக்கட்டும். அப்போது சிமுலேட்டர் எண்ணை அத்தனை முறை 0.99-ஆல் பெருக்க வேண்டும். 4 முறைக்கு 51 சதவீதம். 8-க்கு 68. 16-க்கு 73. 32-க்கு 67. 64-க்கு மறுபடி 51!

நாலு முறை கேட்டவனும் 64 முறை கேட்டவனும் ஒரே மார்க். நடுவுல 16 கிட்ட ஒரு உச்சம். நாங்க ஒளிச்சு வெச்ச மலை அதுதான்.

ஹார்டுவேர் தப்பா எதையும் காட்டலை. சரியான பதிலைத்தான் மூணு தடவை சொல்லியிருக்கு. கேட்பதற்கும் ஒரு விலை உண்டு, அந்த விலையைச் சேர்த்துப் பார்த்தால் எத்தனை முறை கேட்கலாம் என்பதற்கு ஓர் அளவு உண்டு என்று. அந்த அளவு 16-ஆ, 10-ஆ, 30-ஆ என்பது மெஷினைப் பொறுத்தது. அதைக் கண்டுபிடித்திருந்தால் அதுதான் எங்க ப்ராஜெக்ட்டாக இருந்திருக்கும். நாங்க புத்தகத்தில் ஏற்கெனவே இருந்ததைத் திரும்ப வரைந்துவிட்டு, எங்களுக்கு மட்டும் கிடைத்ததைத் தூக்கிப் போட்டோம்.

அப்போ அளப்பதே வீணா?

இல்லை. இரைச்சலுக்கு நடுவில் திரும்பத் திரும்ப அளந்து உண்மையிலேயே ஜெயித்த இடம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் குவாண்டம் பிழைதிருத்தம். ஆனால் அங்கே கேட்கிற கேள்வியே வேற.

மூன்று க்யூபிட்டில் ஒரே தகவலைப் பரப்பி வைக்கிறோம். தனித்தனியாக "நீ 0-வா, 1-ஆ?" என்று கேட்டால் தகவல் அங்கேயே செத்துவிடும். அதனால் அப்படிக் கேட்பதில்லை. "முதல் ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருக்கீங்களா?" "கடைசி ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருக்கீங்களா?" இந்த இரண்டு கேள்விதான். இரண்டுக்கும் "ஆமாம்" என்றால் பிழை இல்லை. முதலாவதற்கு மட்டும் "இல்லை" என்றால் புரண்டது முதல் க்யூபிட். உள்ளே இருக்கும் தகவல் என்ன என்று கேட்டவருக்குக் கடைசிவரை தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. இரைச்சல் பல சமயம் க்யூபிட்டை முழுசாகப் புரட்டாது, லேசாகத் திருகிவிடும். இந்தக் கேள்வியைக் கேட்டதும் அந்த அரைகுறைத் திருகல் நிற்க முடியாது. பெரும்பாலும் பழைய நிலைக்கே திரும்பிவிடும், சில சமயம் முழுசாகப் புரளும். அரைகுறைப் பிழை "பிழை இல்லை" அல்லது "இங்கே பிழை" என்று தெளிவாகிவிடுகிறது. ஜீனோவின் சாயல் இங்கேதான் தெரிகிறது. இரைச்சல் குழாய் ரகமாக இருந்தால் கேள்வி சொட்டை நிறுத்தாது. ஆனால் எந்தக் குழாய் சொட்டியது என்று சொல்லிவிடும், நாம் போய்த் துடைத்துக்கொள்ளலாம். பதிலைப் பயன்படுத்துவதால்தான் இந்த அளவீட்டுக்கு மதிப்பு.

இதுவும் சும்மா கிடைக்கவில்லை. கேள்வி கேட்கவும் க்யூபிட் வேண்டும், அவையும் இரைச்சல் பிடித்தவை. அதனால் வன்பொருள் போதுமான தரத்தில் இல்லாவிட்டால், அதிக க்யூபிட், அதிக கேள்வி என்று போகப் போக நிலைமை மோசமாகும். எங்க 64 முறை மாதிரியே. 2023-இல் கூகுள் குழு சிறிய அமைப்பைப் பெரியதாக்கியபோது, ஒரு சுற்றுக்கான பிழை 3.028 சதவீதத்திலிருந்து 2.914-க்குத்தான் இறங்கியது. மயிரிழை வித்தியாசம். 2024 டிசம்பரில் அதே நிறுவனத்தின் வில்லோ சிப்பில் 1.1 மைக்ரோசெகண்டுக்கு ஒரு முறை கேள்வி கேட்டார்கள். அமைப்பை ஒவ்வொரு படி பெரிதாக்கும்போதும் பிழை 2.14 மடங்கு குறைந்தது. மிகப் பெரிய அமைப்பில் 49 க்யூபிட் தகவலைத் தாங்க, 48 க்யூபிட் கேள்வி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன. ஒரு சுற்றுக்கான பிழை 0.143 சதவீதம்.

கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி க்யூபிட் கேள்வி கேட்பதற்கே! "பார்த்தால் நின்றுவிடும்" என்பது மட்டும் போதுமானதாக இருந்தால் இவ்வளவு பாடு தேவைப்பட்டிருக்குமா?

"ஆரம்பத்துலயே பயமுறுத்தாதீங்க"

இதையெல்லாம் ஒரு ஜூனியர்கிட்ட சொன்னப்போ அவன் கேட்டது நியாயமான கேள்வி. "அண்ணா, செகண்ட் இயர் பசங்களுக்கு முதல்ல சுவாரசியமா சொன்னாதானே உள்ள வருவாங்க? இரைச்சலை அப்புறம் சொல்லிக்கலாமே?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது. பிரச்சினை என்னன்னா, அந்த "அப்புறம்" வர்றதே இல்லை. பால் ஸ்லைடோட செமினார் முடியுது. சிமுலேட்டர் கிராஃபோட ப்ராஜெக்ட் முடியுது. மத்திய அரசு 2023-இல் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6003.65 கோடி ரூபாய் ஒதுக்கியபோது நாம எல்லாரும் ஸ்டேட்டஸ் வெச்சோம். அந்தப் பணத்தில் வரப்போகும் லேப்களில் இரைச்சல் இல்லாத மெஷின் ஒன்றுகூட இருக்காது. அங்கே நம்மிடம் கேட்கப்போவது "ஜீனோ விளைவு என்றால் என்ன?" என்று அல்ல. "இந்த வளைவு ஏன் இங்கே இறங்குது?" என்றுதான் கேட்பார்கள்.

இன்னொன்று, இரைச்சலைச் சேர்த்தால் கதை சுவாரசியம் குறையும் என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பார்த்தால் நிற்கும், பார்த்தால் ஓடும், பார்த்தாலும் ஒன்றும் ஆகாது, மூன்றுமே ஒரே இயற்பியலிலிருந்து வருகிறது என்பது பாலை விடப் பெரிய கதைதானே?

அதனால் நான் கேட்பது பெரிசா ஒண்ணும் இல்லை. குவாண்டம் ப்ராஜெக்ட் எதுவானாலும் சிமுலேட்டர் கிராஃபும் நிஜ மெஷின் கிராஃபும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்குவதற்கென்று ரிவ்யூவில் தனி மார்க் இருக்கட்டும். பேனலில் உட்காரும் சார், மேடம் யாராவது இதைப் படித்தால், எங்களை மாதிரி அழகான கிராஃபோடு வரும் டீமிடம் மூன்று கேள்வி கேளுங்க. எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை அளந்தீங்க? உங்க சூழலின் நினைவு அதைவிடக் குறைவா, கூடவா? ஒரு அளவீட்டுக்கு என்ன விலை கொடுத்தீங்க? எங்களிடம் யாராவது இந்த மூன்றாவது கேள்வியை மட்டும் கேட்டிருந்தால்கூட, அந்த மலை அன்றைக்கே வெளியே வந்திருக்கும்.

செமினார் எடுக்கப்போற ஜூனியர்களுக்கு: பால் ஸ்லைடை எடுத்துட வேண்டாம். சிரிப்பு வரட்டும். அடுத்த ஸ்லைடில் ஃபேனையும் குழாயையும் போடுங்க. அதுக்கடுத்ததா நிஜ மெஷின் கிராஃப் வேணும்னா, எங்க மூணு தடவை ஓட்டின டேட்டாவும் என் பென் டிரைவ்லதான் இன்னும் இருக்கு. ஏறி இறங்கும் அதே மலை. கேளுங்க, அப்படியே தர்றேன். ஒரு புள்ளியைக்கூட நீக்கலை.